காலியாக விடக் கூடாத கட்டம்

மகனே,

இன்றோடு உனக்கு ஐந்து மாதம் முடிகிறது. தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர உனக்கு இப்போது வேறு வேலை இல்லை. இந்தக் கடிதம் அந்த உனக்கு இல்லை. மீசை முளைத்து, வேலைக்குப் போய், அப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்ட உனக்கு. மைசூரில் வளர்கிறவன், கன்னடம்தான் உனக்கு நன்றாக வரப்போகிறது. தமிழ் படிக்க வராவிட்டால் அம்மாவிடம் கொடு, வாசித்துக் காட்டுவாள். அவளுக்கு இதில் உள்ளதெல்லாம் தெரியும். இதை எழுதச் சொன்னதே அவள்தான். "எங்கிட்டயே எத்தனை தடவை பொலம்புவீங்க? அவனுக்கு எழுதி வைங்க" என்றாள்.

உன் ரோஸ்லின் அத்தை ஏன் வெளிநாட்டு வேலைக்குப் போகவில்லை என்று நீ யாரைக் கேட்டாலும், செல்வராஜ் மாமா தடுத்துவிட்டார் என்றுதான் சொல்வார்கள். சொந்தத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வசதியான கதை. ஆனால் அது உண்மை இல்லை. தடுத்தது நான். நான் எழுதிய ஒரு புரோகிராமும், அதைவிட அதிகமாக என் அவசரமும். நீ வளர்ந்து இந்தத் தொழிலுக்கே வருவாயோ, வேறு எதற்குப் போவாயோ தெரியாது. எதற்குப் போனாலும் அடுத்தவர் சொல்ல வேண்டியதை நீ முந்திக்கொண்டு சொல்லும் நாள் ஒன்று வரும். நம் குடும்பத்து ஆண்களுக்கு அந்த வியாதி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தொழில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீ படிக்கும் காலத்தில் இதெல்லாம் சிரிப்பாக இருக்கலாம். கேட்பவர்களுக்கு வேண்டிய மாதிரி இன்டர்நெட்டில் அப்ளிகேஷன் செய்து கொடுக்கிறேன். வெறும் படமும் முகவரியும் போட்ட பக்கம் இல்லை. ஆள் வந்து விவரம் நிரப்பி, பட்டனை அமுக்கினால் அது ஓர் இடத்தில் பதிவாகி, வேண்டியவர் எங்கிருந்தாலும் எடுத்துப் பார்க்கக்கூடியது. காந்தி நகர் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு போன் லைன். உன் அம்மா அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தால் என் தொழில் நின்றுவிடும். அமெரிக்காவில் எங்கோ இருக்கும் சர்வருக்கு ஒரு ஃபைலை ஏற்றுவதற்குள் மூன்று தடவை லைன் அறுந்துபோகும். இந்த ஊரில் இதைச் செய்கிறவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கிறோம். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் காய்கறி வாங்க வந்த மாதிரிதான் பேசுவார்கள்.

ஊதுபத்தி ஏற்றுமதி செய்கிறவர் வந்தார். பக்கத்தைத் திறந்ததும் வாசனை வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். எப்படி என்று கேட்டேன். அது உங்க வேலை என்றார். லாட்ஜ் ஓனர் ஒருவர், தசராவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் ரூம் புக் செய்ய ஏற்பாடு வேண்டும், ஆனால் எந்த ரூம் காலி என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றார். ஒரு ஜோசியர் மட்டும் தெளிவாக இருந்தார். பிறந்த நேரம், பிறந்த ஊர், கேள்வி ஒன்றே ஒன்று. மூன்று கட்டம் போதும், நாலாவது வேண்டாம் என்றார். அவர் ஒருவர்தான் என்ன வேண்டும் என்று தெரிந்து வந்தவர். மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே பல்லவி: "நீங்களே பார்த்துப் போடுங்க சார்." அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது. நானே பார்த்துப் போட ஆரம்பித்தேன். கேட்டால் நேரம் வீண், நமக்குத் தெரியாததா என்று ஒரு திமிர் வந்துவிட்டது. திமிர் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதற்குத் திறமை என்று பெயர்.

அந்தச் சமயத்தில்தான் நஞ்சுண்டப்பா வந்தார். நர்ஸுகளை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் ஏஜென்ட். மணிக்கூண்டு பக்கம் மாடியில் ஆபீஸ். ஒவ்வொரு தடவையும் நர்ஸுகளின் விவரங்களை மூன்று பிரதி டைப் அடித்து, கட்டுக் கட்டாகக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி, இனிமேல் இன்டர்நெட்டில் பார்க்கிற மாதிரி கொடுத்தால்தான் உங்களிடம் ஆள் எடுப்போம் என்று சொல்லிவிட்டதாம். மாதிரிக்குப் பழைய ஃபாரம்களை ஒரு அட்டைப் பெட்டி நிறையக் கொடுத்துவிட்டு, இதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், சந்தேகம் இருந்தால் எங்கள் டைப்பிஸ்ட் சுமித்ராவைக் கேளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சுமித்ராவைக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து ஃபாரம்களைப் புரட்டினேன். அதில் "கணவர் பெயர்" என்று ஒரு கட்டம். நிறையப் பேர் அந்தக் கட்டத்தில் பெயர் எழுதவில்லை. பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். மற்ற எல்லாக் கட்டங்களும் முத்து முத்தான கையெழுத்தில் நிரம்பியிருக்கும். இது ஒன்றில் மட்டும் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. படித்த பெண்கள், ஒரு ஃபாரத்தை முழுசாக நிரப்பத் தெரியவில்லை என்று நினைத்தேன். உட்கார்ந்து இரண்டே வரியில் அதற்கு வைத்தியம் எழுதினேன். கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று இரண்டு பட்டன். ஆனவர் என்று அமுக்கினால் கணவர் பெயர் கட்டம் திறக்கும். அதைக் காலியாக விட்டாலோ கோடு போட்டாலோ, "இந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது" என்று சிவப்பில் வந்து நிற்கும். மேலே நகர முடியாது. நஞ்சுண்டப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். சுமித்ரா மட்டும் பக்கத்தில் நின்று, "கோடு போட்டா எடுத்துக்காதா சார்?" என்று கேட்டாள். எடுத்துக்காது என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஆபீஸில் பல வருஷமாக அந்தக் கோடுகளைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் கட்டோடு சேர்த்து அனுப்பியவள் அவள். எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வருகிற வருஷம் இரண்டாயிரம் பிறக்கிறது. வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போதும், 00 வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து எழுதிய பழைய புரோகிராமர்களை நினைத்து நாங்கள் எல்லோரும் இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பெண்ணுக்கு இரண்டு பட்டன் போதும் என்று முடிவு செய்தவன் நான். அவர்களுக்காவது டிஸ்க்கில் இடம் இல்லை என்று ஒரு சாக்கு உண்டு.

உன் அத்தையைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். என்னைவிட ஏழு வயது பெரியவள். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் கொள்ளேகால் செல்வராஜ் மாமாவுக்கும் கல்யாணம் ஆகிப் பத்து வருஷம். அதில் நாலு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். மறு மாதம் அவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று சத்தம் போட்டதும், வாட்ச்மேன் பிடித்து வெளியே விட்டதும் எனக்குத் தெரியும். அவள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினாள். எங்கள் மாதா கோயிலில் கட்டியது கட்டியதுதான், பிரிக்க மாட்டார்கள். ஆக அவள் கல்யாணம் ஆனவளும் இல்லை, ஆகாதவளும் இல்லை. வெளிநாடு போக வேண்டும் என்று அவள் சொன்னது என்னிடம் மட்டும்தான். ஏன்க்கா என்று கேட்டேன். "'வீட்டுக்காரர் எங்கே'ன்னு யாரும் கேக்காத ஊரு ஒண்ணு வேணும்டா. ரெண்டு வருஷம் இருந்தாக்கூடப் போதும்" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு டிசம்பரில் முடிகிறது. இது ஒன்றுதான் அவளுக்குக் கடைசி வண்டி.

பதிவு முடிகிற நாளன்று மத்தியானம் வீட்டுக்கே வந்தாள். என் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும்போது அவள் எதற்கு ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டும் என்று நான்தான் வரச் சொன்னேன். உன் அம்மாவுக்கு அப்போது நீ ஐந்து மாதம்; அத்தை அவளுக்கு மாதுளம்பழம் வாங்கி வந்திருந்தாள். உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். படிப்பு, வேலை செய்த வார்டுகள், தெரிந்த மொழிகள். நான் பக்கத்தில் பேப்பரும் பேனாவுமாக லாட்ஜ்காரரின் பிரச்சினையில் இருந்தேன். கல்யாணம் ஆகாதவர் என்று பொய் சொல்லாமல், ஆனவர் என்று அமுக்கிக் கணவர் பெயரைக் காலியாக விட்டிருக்கிறாள்; சிவப்பு எழுத்து வந்திருக்கிறது. இரண்டு தடவை திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது விட மாட்டேங்குது" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏதாவது ஒண்ணு போடுக்கா. கம்ப்யூட்டர் என்ன வந்து விசாரிக்கவா போகுது?" என்றேன். "ஏதாவதுன்னா என்னடா போடறது?" என்று கேட்டாள். நான் லாட்ஜ்காரரின் ரூம் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, டியூட்டிக்கு நேரமாச்சு, நாளைக்குப் பார்க்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நாளைக்கு என்று ஒன்று இல்லை என்பது அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவள் போன பிறகு ஸ்க்ரீனைப் பார்த்தேன். எல்லாம் சரியாக நிரம்பியிருந்தது, அந்த ஒன்றைத் தவிர. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதற்குப் போய் விட்டுவிட்டுப் போகிறாளே என்று கோபம் வந்தது. அவளுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், இதை நீ நம்ப வேண்டும். செல்வராஜ் என்று அடித்தேன். உண்மையான பெயர்தானே, பொய் ஒன்றும் இல்லையே. பட்டனை அமுக்கினேன். பதிவாகிவிட்டது. அப்போதே என்னிடம் இருந்த வழிகளை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அந்த இரண்டு வரியை நான் எழுதினேன், நானே எடுத்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவை மாற்றத் தோன்றியது, புரோகிராமை மாற்றத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து லிஸ்ட் வந்தது. அவள் தேர்வாகியிருந்தாள். பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்து ரோஸ்லின் செல்வராஜ் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: கணவரின் சம்மதக் கடிதம், கையெழுத்தோடு, பத்து நாளுக்குள். கணவர் பெயர் இருந்தால் அவர்கள் சம்மதக் கடிதம் கேட்பார்கள். கோடு போட்டிருந்தால் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். அத்தனை நர்ஸுகளும் தெரிந்து வைத்திருந்த விஷயம், இன்ஜினியருக்குத் தெரியவில்லை.

அவளிடம் சொல்லாமல் நானே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். பார், இதுதான் என் இரண்டாவது தப்பு, இது முதலாவதைவிட மோசம். அவளிடம் போய், அக்கா, நான் இப்படிச் செய்துவிட்டேன், இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால், அவளுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கலாம். பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கியிருப்பாளோ, சுமித்ராவைப் பிடித்திருப்பாளோ, என்னவோ. கேட்கவில்லை. நஞ்சுண்டப்பா ஆபீஸ் தலைப்புத்தாளில் சம்மதக் கடிதத்தை அழகாக டைப் செய்துகொண்டு காலை பஸ்ஸில் கொள்ளேகால் போனேன்.

செல்வராஜ் மாமா பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். சத்தமே இல்லை, அவ்வளவு மரியாதை. டீ வரவழைத்தார், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார், உன் அம்மா முழுகாமல் இருப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நான் பேப்பரை எடுத்து நீட்டினேன். இரண்டு தடவை நிதானமாகப் படித்தார். எந்த நாடு, எந்த ஆஸ்பத்திரி, ஏஜென்ட் யார், ஆபீஸ் எங்கே என்று எல்லாம் அதிலேயே இருந்தது. நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன், புரிகிறதா? ஆறு வருஷமாக அவள் எங்கே என்ன செய்யப் போகிறாள் என்று அந்த ஆளுக்குத் தெரியாமல் காத்து வைத்திருந்தாள்.

"மாப்ளே பெரிய இன்சினியருங்க," என்றார். "கம்ப்யூட்டர்ல நம்ம பேரைத் தேடிப் போட்டிருக்கறீங்க. சந்தோசமுங்க. உங்கக்கா போட்டதுங்களா, நீங்க போட்டதுங்களா?"

அக்காதான் போட்டாள் என்று பொய் சொன்னேன். அவர் சிரித்தார். "ரோஸ்லினு போடமாட்டாளுங்க" என்றார். என்னைவிட அந்த ஆளுக்கு அவளைத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்று வரைக்கும் ஆறவில்லை. கையெழுத்துப் போடுகிறேன், அவளே இங்கு வந்து, என் எதிரில் நின்று கேட்கட்டும் என்றார். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னேன்!

சாயங்காலமே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவள் மறுநாள் டியூட்டிக்கு யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாரம், பெயர், லிஸ்ட், கொள்ளேகால். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்த பிறகு கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பேப்பரை அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டியா?" ஆமாம் என்றேன்.

"நான் மறந்துபோய் அதைக் காலியா விட்டேன்னு நெனச்சியாடா? யோசிச்சுத்தான் விட்டேன்," என்றாள். "நீ அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருந்தா, வேணாம்னு சொல்லியிருப்பேன். ஒரு போன். வீட்லயே வெச்சிருக்கியே."

போய் நின்று கேட்கலாமே, ஒரு கையெழுத்துத்தானே, அப்புறம் விமானம் ஏறிவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் கதவைத் திறந்து வைத்தாள். நான் கிளம்பினேன்.

அந்த வாரமே செல்வராஜ் மாமாவின் கடிதம் நஞ்சுண்டப்பாவுக்கு வந்தது. என் மனைவியை என் அனுமதி இல்லாமல் அனுப்பினால் போலீசுக்குப் போவேன் என்று. அனுப்ப வேண்டிய முகவரி நான் கொடுத்த தலைப்புத்தாளில் இருந்ததே. நஞ்சுண்டப்பா கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். "குடும்ப விஷயா நமகே பேடா சார்," நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுமித்ராவிடம் லிஸ்டில் இருந்து பெயரை எடுக்கச் சொன்னார். பெயரை எடுக்கும் வசதியையும் நான்தான் செய்து கொடுத்திருந்தேன். ஒரே பட்டன். உறுதிதானா என்றுகூடக் கேட்காது. நான் அதையும் நானே பார்த்துத்தான் போட்டிருந்தேன்.

உன் தாத்தாவை நீ பார்க்கவில்லை. நல்ல மனிதர், மில்லில் முப்பது வருஷம் ஒரு நாள் தாமதமாகப் போகாதவர். அக்காவுக்குக் கல்யாணம் பேசிய பிறகு கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கும் முன்னால், சாமியார் பெண்ணையும் பையனையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்பார். எனக்கு அப்போது பதினேழு வயது, வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாமியார் அக்காவைக் கேட்டார். அவள் பேசாமல் இருந்தாள். கொஞ்சம் அதிக நேரமே பேசாமல் இருந்தாள். அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, அவளுக்குச் சம்மதம்தான் சாமி, கூச்சப்படுகிறாள் என்றார். சாமியார் எழுதிக்கொண்டார். இது எனக்கு வருஷக்கணக்காக ஒரு சாதாரணக் காட்சியாகத்தான் ஞாபகத்தில் இருந்தது. கொள்ளேகாலில் இருந்து திரும்பும் பஸ்ஸில்தான், டி. நரசிபுரம் தாண்டும்போது, அது வேறு மாதிரி ஞாபகம் வந்தது. அவர் பேனாவால் செய்யவைத்ததை நான் கீபோர்டில் செய்திருக்கிறேன். படித்தவன் என்பதால் இன்னும் வேகமாக.

அதனால் உனக்குச் சொல்கிறேன். யாராவது ஒருவர் ஒரு இடத்தைக் காலியாக விட்டால், அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதே. கேள். பதில் வரத் தாமதமானால் காத்திரு. எனக்குக் காத்திருக்கத் தெரியாது; லைன் கிடைக்கும் வரை மோடத்தை நாற்பது தடவை திட்டுகிறவன். அதனால் இதை எனக்குப் பழக்கமான ஒன்றாகச் சொல்லவில்லை, எனக்கு வராத ஒன்றாகச் சொல்கிறேன். உனக்காவது வரட்டும். உன் அம்மாவிடம் இருந்து எடுத்துக்கொள், அவளிடம் நிறைய இருக்கிறது.

அத்தை என்னோடு மூன்று மாதத்துக்கு மேல் பேசவில்லை. நீ பிறந்த அன்று அவள்தான் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு லேபர் வார்டில் நின்றாள். உன்னைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தவள் அவள். என்னிடம் கொடுக்கும்போதுகூட உன்னிடம்தான் பேசினாள்: "இதோ பாரு, உங்கப்பன். கொஞ்சம் அவசரக்காரன். நீ பாத்து நடந்துக்க." பக்கத்தில் நின்ற ஆயா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் நஞ்சுண்டப்பாவோடு சண்டை போட்டேன். அந்தக் கட்டத்தை எடுக்க வேண்டும் என்றேன். அவர் முடியாது என்றார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கிறார்கள், நர்ஸுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் சொல்வது, அதற்கு ஒரு பெயர் வேண்டாமா என்றார். அது சாக்கு என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், வேறு வழி இல்லாமல், ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அக்காவிடம் போய்க் கேட்டேன். அந்த ஃபாரத்தில் கேள்வியை எப்படிக் கேட்டால் உங்கள் எல்லோராலும் பதில் எழுத முடியும்?

அவள் உடனே பதில் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசியில், "அவரு சொன்னதையே கேளேன்டா. எனக்கு ஏதாவது ஆனா யாருக்குச் சொல்லணும்? அத கேட்டா நாங்க எல்லாரும் எழுதுவோம்" என்றாள். அவ்வளவுதான். புருஷன் என்று இல்லை, அப்பா என்று இல்லை. யாருக்குச் சொல்ல வேண்டும். நஞ்சுண்டப்பாவும் ஒத்துக்கொண்டார், ஆஸ்பத்திரிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தின் தலைப்பை மாற்றினேன், இரண்டு பட்டனைத் தூக்கினேன். அடுத்த முறை போகிறவர்களுக்கு இது போதும். அவளுக்குத்தான் போதாது. டிசம்பர் வந்துவிடும், அடுத்த லிஸ்டுக்குள் அவள் வயது தாண்டிவிடும். அதை எந்த வரியை மாற்றியும் என்னால் சரி செய்ய முடியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தாள். புது ஃபாரம் சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு நர்ஸ் நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். சும்மா சோதனைக்குத்தான், எங்கும் போகாது என்று சொன்னேன். நீ அவள் மடியில் இருந்தாய். ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். நான் பின்னால் நின்றேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் என் பெயரை எழுதுவாள் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு ஒரே அக்கா, அவளுக்கு ஒரே தம்பி, வேறு யார் பெயர் வரும்?

அவள் யோசிக்கவே இல்லை. கிரிஜம்மா என்று அடித்தாள். கீழே வார்டு போன் நம்பர். கிரிஜம்மா அவளோடு ஆறு வருஷமாக ஒரே வார்டில் வேலை செய்யும் கன்னடத்து அம்மாள். எனக்கு அவரை நல்ல நாளில் பார்த்து வணக்கம் சொல்லும் அளவுதான் பழக்கம். ஏன் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கட்டம் நிரம்பியிருந்தது, அவள் நிரப்பியது.

அவளை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு வந்து அந்த நம்பரை போனுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். அத்தைக்கு ஏதாவது ஆனால் முதலில் அந்த அம்மாளுக்குத்தான் தெரியும், அவரைக் கேட்டுத்தான் நமக்குத் தெரிய வேண்டும். நீ இதைப் படிக்கும்போது வார்டு மாறியிருக்கலாம், நம்பரும் மாறியிருக்கலாம். மாறியிருந்தால் அத்தையிடமே கேட்டு, புது நம்பரை எழுதி வை.

அப்பா